ஒரே பெயரில் இரண்டு எடை

அத்தியாயம் 14

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு லியூபென் பேச்சை நிறுத்தினார்.

அவரை அறிந்தவர்களுக்கு இதைவிடப் பயங்கரமான செய்தி கிடையாது. முப்பது வருடம் ப்ளோவ்திவ் நகரப் பேருந்து ஓட்டியவர். டிரைவரோடு பேசக் கூடாது என்று பலகை தொங்கும் வண்டியில், பயணிகளை வலியக் கூப்பிட்டுப் பேசியவர். டயாலிசிஸ் நாற்காலியில் நாலு மணி நேரம் சாய்ந்திருக்கும்போதும் அவர் வாய் ஓயாது. இன்றும் பக்கத்து நாற்காலிக்காரரோடு கால்பந்துச் சண்டைதான்.

"உங்க கோல்கீப்பருக்குப் பந்து எது, புறா எதுன்னே தெரியாது. போன ஞாயித்துக்கிழமை என்னடான்னா..."

அங்கேயே நின்றுபோனார். தலை ஒரு பக்கம் சரிந்தது. முகம் தயிர் நிறத்துக்குப் போயிருந்தது.

பில்யானா மூன்று நாற்காலி தள்ளி வேறொருவருக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வருட நர்ஸ். அப்பாவின் குரல் பாதியில் அறுந்ததைக் காதில் வாங்கிய அந்தக் கணமே கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடினாள். நாற்காலியைப் பின்னால் சாய்த்துக் காலை உயர்த்தினாள். இயந்திரம் நீர் இழுப்பதை நிறுத்தினாள். உப்பு நீரைத் திறந்துவிட்டாள். கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. வாய் மட்டும், "அப்பா, அப்பா, இங்க பாரு, என்னைப் பாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

நாலு நிமிடம் கழித்து லியூபென் கண் திறந்தார்.

"கோல் விழுந்துச்சா?" என்றார்.

பில்யானாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இரண்டையும் அடக்கிக்கொண்டு ரத்த அழுத்தம் பார்த்தாள்.

*

லியூபெனின் இளைய மகள் நெவேனா போன குளிர்காலத்தில் சோபியாவிலிருந்து இரண்டு பெட்டிகளோடு அப்பா வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். மணவாழ்க்கை முடிந்த கதையை முன்பே பார்த்துவிட்டோம். அவள் ஊரில் இல்லாத நாலு வருடமும் அப்பாவைத் தனியாகச் சுமந்தவள் அக்கா பில்யானா. "நீ பூங்கொத்தோட வருவே, பூ வாடறதுக்குள்ள போயிடுவே" என்று அக்கா சொன்னது இன்னும் நெவேனாவுக்கு வலிக்கும்.

வாய்ச்சொல்லால் சமாதானம் பண்ணத் தெரியாதவள் நெவேனா. கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுவது ஒன்றுதான் அவளுக்குத் தெரியும். அக்காவின் வார்டில் இருபத்தாறு நோயாளிகளுக்கும் தினமும் நோட்டில் கணக்குப் போட்டு அக்கா கண் எரிய உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். யாரும் கேட்காமலே ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தாள்.

கணக்கு சின்னதுதான். உடம்பில் வேண்டாத நீர் ஒரு சொட்டும் இல்லாமல் ஒருவர் எவ்வளவு எடை இருக்க வேண்டுமோ, அது அவருடைய உலர் எடை. இன்று வந்த எடையிலிருந்து உலர் எடையைக் கழித்தால், எவ்வளவு நீர் எடுக்க வேண்டும் என்று தெரியும். சின்னக் கணக்கு. ஆனால் தப்பினால் ஆளைச் சாய்த்துவிடும்.

மூன்று வாரமாக அந்தப் புரோகிராம் ஓடுகிறது. மூன்று வாரமாக அக்கா அவளை மறுபடி "நெனி" என்று கூப்பிடுகிறாள்.

*

நெவேனா வந்து சேர்ந்தபோது அப்பா போர்வைக்குள் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தார். அவர் காலைத் தொட்டுப் பார்த்தாள். சூடாக இருந்தது. அப்போதுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் டாக்டர் ஷிஷ்கோவாவும் அக்காவும் நின்றிருந்தார்கள். கதவு பாதி திறந்திருந்தது.

"பில்யானா, புதன்கிழமை நான் உங்கிட்ட என்ன சொன்னேன்?"

"அப்பாவோட உலர் எடையை எழுபத்தொண்ணுலேருந்து எழுபத்து மூணா மாத்தச் சொன்னீங்க. ஏறியிருக்கிறது தண்ணியில்ல, சதைன்னு சொன்னீங்க."

"மாத்தினியா?"

"மாத்தினேன் டாக்டர்."

"அப்ப இன்னிக்கு ஏன் எழுபத்தொண்ணை வச்சுக் கணக்குப் போட்டிருக்கு? எழுபத்து நாலரைச் சொச்சத்துல வந்த மனுஷன்கிட்டேருந்து ஒன்றரை லிட்டர்ச் சொச்சம் எடுக்கணும். மூன்றரைக்கு மேல இழுத்திருக்கோம்."

"நேத்து கியோர்கி திருநாள். ஆட்டுக்கறி விருந்து, ரெண்டு கிண்ணம் தயிர் சூப்பு வேற குடிச்சேன்னு அவரே சொன்னாரு. அதான் அவ்வளவு ஏறியிருக்குன்னு நினைச்சுட்டேன்."

"அது சரி. எழுபத்து மூணுன்னு நீ போட்டியா இல்லையா?"

பில்யானா கண்ணாடி வழியாக அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"போட்டேன்னுதான் நினைக்கிறேன்" என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "இல்ல... தெரியல டாக்டர். புதன்கிழமை ரொம்பக் கூட்டம். வேற யாருக்காவது போட்டுட்டு அப்பாவுக்குப் போட்டதா நினைச்சிருப்பேனோ என்னவோ. மறந்திருப்பேன்."

டாக்டர் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. "நீ இன்னிக்கு வீட்டுக்குப் போ. நான் அறிக்கை எழுதணும். நாளைக்குப் பேசிக்கலாம்" என்றார் மெதுவாக.

அக்கா வெளியே வந்தாள். தங்கையைப் பார்த்தாள்.

"அப்பாவுக்கே பண்ணிட்டேன், நெனி" என்றாள். "ஊர்ல இருக்கிறவங்களை எல்லாம் ஒழுங்காப் பார்த்துட்டு, பெத்த அப்பாவுக்கே பண்ணிட்டேன்."

நெவேனா அவள் தோளைத் தொடுவதற்குள், அக்கா முகம் கழுவுவதற்காகக் குளியலறைக்குள் போய்விட்டாள்.

*

நர்சுகள் உடை மாற்றும் அறையில் ஒரு மர பெஞ்சு. அதில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள் நெவேனா. எதையும் சந்தேகித்துத் திறக்கவில்லை. அக்கா எழுபத்து மூன்று என்று போட்டிருந்தால் எங்காவது தடயம் இருக்கும், தேடி எடுத்துக் கொடுக்கலாம் என்றுதான் நினைத்தாள்.

மாதிரிக்கு ஒரு நோயாளியை உருவாக்கினாள். உலர் எடை எழுபத்தொன்று. பிறகு அதை எழுபத்து மூன்று என்று மாற்றினாள்.

"புதிய உலர் எடை 73. பதிவாகிவிட்டது" என்று திரை சொன்னது.

இன்றைய எடை எழுபத்தைந்து என்று கொடுத்துக் கணக்குப் போடச் சொன்னாள்.

"எடுக்க வேண்டிய நீர்: 4 லிட்டர்."

நெவேனா அந்த நாலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு என்று வந்திருக்க வேண்டும்.

புரோகிராமுக்குள்ளே போய்த் தான் எழுதியதைப் பார்த்தாள். தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அவள் கண்ணுக்கு உடனே பட்டது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் ஒரு சீர்திருத்தம் செய்திருந்தாள். அதுவரை எல்லா வேலையும் ஒரே நீள மெத்தடில், ஒரே கட்டளைத் தொகுப்பில் இருந்தது. எடையை வாங்குவது, கணக்குப் போடுவது, சேமிப்பது என்று எல்லாம் அதிலேயே. பார்க்க அசிங்கமாக இருந்தது. அதை மூன்று மெத்தடாக வெட்டினாள். மூன்றுக்கும் பொதுவாக, நோயாளி என்ற ஆப்ஜெக்டின், அதாவது ஒருவரின் விவரமெல்லாம் இருக்கும் பெட்டியின் உச்சியில், எண்ணைப் போட்டு வைக்க 'உலர் எடை' என்று ஒரு வேரியபிள். எந்த மெத்தட் அதை மாற்றினாலும் மற்ற இரண்டுக்கும் தெரிய வேண்டும் என்பது ஏற்பாடு.

வெட்டி ஒட்டும்போது ஒரு சொல் கூடவே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. எடையை வாங்கும் மெத்தடுக்குள், 'உலர் எடை' என்ற பெயருக்கு முன்னால், இது இன்ன வகை எண் என்று அறிவிக்கும் ஒற்றைச் சொல். அந்தச் சொல் இருந்தால் கம்ப்யூட்டர் உச்சியிலுள்ள வேரியபிளைத் தொடாது. அதே பெயரில் புதிதாக இன்னொன்றை அந்த மெத்தடுக்குள் உண்டாக்கிக்கொள்ளும். எழுபத்து மூன்றை அதில் போட்டுக்கொண்டது. அதைப் பார்த்துத்தான் "பதிவாகிவிட்டது" என்று திரையில் சொன்னது. மெத்தட் முடிந்ததும் அந்த வேரியபிளும் எழுபத்து மூன்றும் மறைந்துபோயின. கணக்குப் போடும் மெத்தட் வந்து உச்சியில் பார்த்தபோது அங்கே பழைய எழுபத்தொன்றுதான் இருந்தது.

கம்ப்யூட்டர் ஒரு எச்சரிக்கைகூடக் கொடுக்கவில்லை. அதன் கணக்கில் எந்தத் தப்பும் இல்லை.

புதிதாக வேலைக்கு வரும் பையன்கள் இந்தத் தப்பைச் செய்வார்கள். காப்பிக் கோப்பையைக் கீழே வைக்காமலே நெவேனா அதைச் சுட்டிக்காட்டுவாள். பத்து வருட அனுபவம். சரிபார்க்காமல், அழகாக இருக்கிறது என்ற திருப்தியில் அனுப்பிவிட்டாள்.

அந்த ஒரு சொல்லை அழித்தாள். மறுபடி ஓட்டினாள். "2 லிட்டர்" என்றது.

சரியாகிவிட்டது. யாருக்கும் தெரியாது. வார்டிலிருக்கும் கம்ப்யூட்டரில் மாற்றிப் போட ஒரு நிமிடம் போதும். டாக்டர் அறிக்கையில் நர்ஸ் மறந்துவிட்டாள் என்று எழுதுவார். அக்காவே ஒப்புக்கொண்டாயிற்று. அப்பா பிழைத்தாயிற்று. அக்கா கொஞ்ச நாள் வருத்தப்படுவாள், பிறகு மறந்துவிடுவாள்.

தான் சொன்னால்? மூன்று வாரமாகக் கேட்கிற அந்த "நெனி" இனிக் கேட்குமா?

பெஞ்சில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள் என்று அவளுக்கே தெரியாது. வெளியே குளியலறைக் குழாய் ஓடுவது கேட்டது. நின்றது. மறுபடி ஓடியது. அக்கா திரும்பத் திரும்ப முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

நெவேனா எழுந்து போய்க் கதவைத் தட்டினாள்.

*

"அக்கா, திற. நீ மறக்கல."

கதவு திறந்தது. பில்யானாவின் முகத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"சமாதானம் சொல்லாதே. எனக்கு வேண்டாம்."

"சமாதானம் இல்ல. இங்க பாரு." மடிக்கணினியைத் துணி காயப்போடும் கம்பிமேல் ஒரு கையால் தாங்கியபடி காட்டினாள். "செவ்வாக்கிழமை நான் இதை மாத்தினேன். ஒரே பேர்ல ரெண்டு இடம் உண்டாயிடுச்சு. நீ எழுபத்து மூணுன்னு போட்டது ஒண்ணுல. கணக்கு எடுத்தது இன்னொண்ணுலேருந்து. நீ போட்டது அந்த நிமிஷமே காணாமப் போச்சு. ஆனா உனக்கு 'பதிவாகிவிட்டது'ன்னு காட்டிச்சு."

"அதைப் பார்த்தேன்" என்றாள் பில்யானா. "பதிவாகிவிட்டதுன்னு பார்த்தேன். எழுபத்து மூணுன்னு பக்கத்துல இருந்துச்சு. பார்த்த ஞாபகம் இருந்துச்சு. ஆனா டாக்டர் கேட்டப்ப எனக்கே என்மேல நம்பிக்கை போயிடுச்சு."

"நீ பார்த்தது நிஜம்."

"அப்ப நான் போட்டேன்."

"நீ போட்டே, அக்கா. தப்பு என்னோடது. முழுசும் என்னோடது."

பில்யானா குளியலறை வாசலிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஈரக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நெவேனா திட்டு வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அழுகை நடுவே, "நான் போட்டேன், நான் போட்டேன்" என்று மட்டும் அக்கா முனகிக்கொண்டிருந்தாள்.

திடீரென்று அழுகை நின்றது.

"நெனி. செவ்வாக்கிழமையா?"

"ஆமா."

"அதுக்கப்புறம் வேற யாருக்காவது மாத்தினோமா?" என்று தனக்குத்தானே கேட்டவள் எழுந்துவிட்டாள். "திங்கா! ஐயோ, நாத்து விக்கிற திங்கா அம்மாவுக்கு மாத்தினோம். அறுபத்து நாலுலேருந்து அறுபத்து ரெண்டு. கால் வீங்கியிருக்கு, மூச்சு வாங்குது, இன்னும் இறக்கணும்னு டாக்டர் சொன்னாங்க."

"அப்பாவுக்கு அதிகமா எடுத்தோம்னா..."

"அவங்களுக்குக் குறைச்சலா எடுத்திருக்கோம். ரெண்டு லிட்டர் உள்ளேயே நிக்குது. இங்கே நாங்க அப்பாகூடப் போராடிட்டு இருந்தப்ப, அவங்க தானே எழுந்து வீட்டுக்குப் போயிட்டாங்க."

*

டாக்டர் ஷிஷ்கோவாவிடம் நெவேனா நின்றபடியே சொல்லி முடித்தாள். டாக்டர் எழுதிக்கொண்டிருந்த அறிக்கையை எடுத்து நாலாகக் கிழித்தார்.

"நோட்டுப் புத்தகத்தை நிறுத்தச் சொன்னது நான்" என்றார். "அதை அப்புறம் பார்ப்போம். திங்கா போனை எடுக்க மாட்டேங்கிறா. நாற்காலியைத் தயாரா வச்சிருக்கேன். போய்க் கூட்டிட்டு வாங்க."

பில்யானாவின் பழைய கார் மரிட்சா ஆற்றுப் பாலத்தில் ஏறியது. விடுமுறைக்கு மறுநாள் என்பதால் ஊர் அரைத் தூக்கத்தில் இருந்தது. கோபம் இப்போதுதான் வந்தது பில்யானாவுக்கு.

"உன்னை யாரு மாத்தச் சொன்னா? நல்லாத்தானே ஓடிக்கிட்டு இருந்துச்சு?"

"பார்க்க அசிங்கமா இருந்துச்சு, அக்கா."

"யாரு பார்த்தா அதை?"

"நான் பார்த்தேன்."

"அதான் உன் வியாதி! சின்ன வயசுலயும் இப்படித்தான். நான் கூட்டின வீட்டை மறுபடி கூட்டுவே. நான் மடிச்ச துணியைப் பிரிச்சு மடிப்பே."

"நீ கோணலா மடிப்பே."

"கோணலா மடிச்சா துணி செத்துடுமாடி?"

பில்யானா சிவப்பு விளக்கில் வண்டியை நிறுத்தினாள்.

"மாத்தினா சொல்லணும்" என்றாள், குரல் இறங்கி. "மாத்தியிருக்கேன், ரெண்டு நாள் கூடவே நோட்லயும் போடுன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான். நான் போட்டிருக்க மாட்டேனா?"

"போட்டிருப்பே."

"அப்புறம்?"

"மறுபடியும் உன்கிட்ட வேலை வாங்கற மாதிரி இருக்குமேன்னு தோணிச்சு. உனக்கு ஒரு வேலையாவது குறையணும்னுதான் இதை எழுதினேன்."

விளக்கு பச்சையானது. பின்னால் வந்த வண்டி ஹாரன் அடித்தது. பில்யானா கண்ணைத் துடைத்துக்கொண்டு கியர் போட்டாள்.

*

திங்கா தனியாக வசிக்கிறவர். அறுபத்தாறு வயது. வீட்டுக் கொல்லையில் தக்காளி, மிளகாய் நாற்று வளர்த்துச் சனிக்கிழமைச் சந்தையில் விற்பார். முன்கதவைத் தட்டியும் திறக்கவில்லை. பில்யானா கொல்லைப் படலைத் தள்ளிக்கொண்டு ஓடினாள்.

நாற்றுத் தட்டுகளுக்கு நடுவே ஒரு கவிழ்த்த வாளிமேல் திங்கா உட்கார்ந்திருந்தார். முட்டியில் கை ஊன்றி முன்னால் குனிந்திருந்தார். ஒவ்வொரு மூச்சையும் கயிறு கட்டி இழுப்பதுபோல் இழுத்துக்கொண்டிருந்தார். உதட்டில் நீலம்.

"படுத்தா... மூச்சு... வரல" என்றார். "நிமிர்ந்தா... வருது."

"பேசாதீங்க. வார்டுக்குப் போறோம்."

"நாளைக்குச் சந்தை... நாற்று... வாடிடும்."

"நாத்து கிடக்கட்டும்!"

"உனக்கென்ன... நீயா விதைச்சே?"

மூச்சுக்குத் திண்டாடும்போதும் விடவில்லை. நெவேனா குனிந்து அவர் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

"நான் வந்து தண்ணி ஊத்தறேன், திங்கா அம்மா. நாளைக்குச் சந்தையில நானே உட்கார்ந்து விக்கறேன். எழுந்திரிங்க."

திங்கா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீ யாரு?"

"உங்களை இந்த நிலைமைக்குக் கொண்டுவந்தவ" என்றாள் நெவேனா. "வழியில சொல்றேன்."

இருவரும் ஆளுக்கொரு பக்கமாகத் தாங்கிக் காருக்குக் கொண்டுவந்தார்கள். பில்யானா வாசலிலேயே ஆம்புலன்சுக்குச் சொல்லிப் பார்த்தாள். இருபது நிமிடம் ஆகும் என்றார்கள். வார்டு எட்டு நிமிடம். ஓட்டினாள். பின்சீட்டில் திங்காவை நிமிர்த்தி உட்காரவைத்துத் தன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டு, நெவேனா நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். திங்கா மூச்சு இழுத்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப... ரெண்டு லிட்டர்... லியூபெனுக்குப் போக வேண்டியது... எனக்குள்ள இருக்கு?"

"கிட்டத்தட்ட."

"அவன்கிட்ட... சொல்லிடாதே. திருப்பிக் கேப்பான்."

முன்சீட்டில் பில்யானாவின் தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று நெவேனாவால் பார்க்க முடியவில்லை.

*

மாலை நாலு மணிக்குத் திங்காவின் உதட்டில் நிறம் திரும்பியிருந்தது. டாக்டர் கையாலேயே கணக்குப் போட்டு, பில்யானா இரண்டாம் தரம் சரிபார்த்து, இயந்திரம் நிதானமாக நீரை இறக்கிக்கொண்டிருந்தது. அடுத்த நாற்காலியில் லியூபென் போர்வையைத் தோளில் போட்டு உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லியும் போகவில்லை.

"திங்கா தனியா இருக்கா, பேச்சுத் துணைக்கு ஆள் வேணும்ல" என்றார்.

"எனக்கு வேண்டாம்" என்றார் திங்கா கண்ணை மூடியபடி.

நெவேனா அப்பாவின் எதிரில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்பா, காலையில நடந்தது..."

"பெரியவ சொல்லிட்டா."

"என்ன சொன்னா?"

"நீ ஒரு வார்த்தையைக் கூடுதலாப் போட்டுட்டேன்னு சொன்னா. நம்ம வம்சத்துல யாரு ஒரு வார்த்தையைக் குறைச்சலாப் போட்டிருக்கோம்?"

"விளையாடாதே அப்பா. நீ செத்திருப்பே."

லியூபென் சிரிப்பை நிறுத்தினார். கை நீட்டி அவள் முகத்தைத் தொட்டார். ஊசி குத்திக் குத்தித் தடித்துப்போன கை.

"நாலு வருஷமா என் எடை எறங்கிக்கிட்டே இருந்துச்சு, சின்னவளே. டாக்டர் ஒவ்வொரு தடவையும் குறைச்சு எழுதுவா. எழுபத்தெட்டு, எழுபத்தஞ்சு, எழுபத்தொண்ணு. போற வழி அதுதான்னு எனக்குத் தெரியும். இந்த வருஷம்தான் முதல் தடவையா ஏத்தி எழுதியிருக்கா. ரெண்டு கிலோ. யாரு சமைச்சுப் போட்டு ஏறிச்சு?"

நெவேனா அவர் முட்டியில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

பில்யானா வந்து பக்கத்தில் நின்றாள். கையில் பழைய நோட்டுப் புத்தகம்.

"திங்கக்கிழமையிலேருந்து இதுலயும் போடப்போறோம். டாக்டர் சொல்லிட்டாங்க" என்றாள். "உன் புரோகிராமும் ஓடட்டும். ரெண்டும் ஒத்துப்போனாத்தான் மெஷின்ல கை வைப்பேன்."

"நான் அதை எடுத்துடறேன், அக்கா. வேண்டாம்."

"எடுத்தா உதைப்பேன். என் கண்ணு மூணு வாரமாத்தான் எரியாம இருக்கு." பிறகு, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "நீ சொல்லாமலே இருந்திருக்கலாம், நெனி. எனக்குத் தெரிஞ்சிருக்காது" என்றாள்.

"தெரிஞ்சிருக்காது."

"அப்படிச் சொல்லாம இருந்திருந்தா, திங்கா அந்த வாளிமேலயே..." முடிக்கவில்லை. தங்கையின் தலைமயிரை ஒருமுறை கலைத்துவிட்டு நகர்ந்தாள்.

*

ஐந்து மணிக்கு டாக்டர் ஷிஷ்கோவா இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். அறிக்கை விஷயம் என்று நினைத்துக்கொண்டு போனார்கள். நெவேனா கையெழுத்துப் போடத் தயாராகவே போனாள்.

அறிக்கை மேஜைமேல் இருந்தது. 'புரோகிராமில் பிழை. எழுதியவரே கண்டுபிடித்துத் தெரிவித்தார். சோதிக்காமல் பயன்படுத்த அனுமதித்தது என் பொறுப்பு' என்று டாக்டர் தன் கையாலேயே எழுதியிருந்தார். நர்ஸ் பெயர் அதில் இல்லை. நெவேனா இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

"இன்னொண்ணு" என்றார் டாக்டர். இழுப்பறையிலிருந்து ஒட்டிய உறை ஒன்றை எடுத்தார். "மத்தியானத் தபால்ல வந்துச்சு. சோபியா ஆஸ்பத்திரியிலேருந்து. சிறுநீரகம் கொடுக்க உங்க வீட்லேருந்து பரிசோதனை பண்ணிக்கிட்டவங்களோட முடிவு. என் பேருக்கு அனுப்பச் சொல்லியிருந்தீங்களே."

பில்யானாவின் முகம் சிவந்தது. "டாக்டர், இவ முன்னாடி ஏன்..."

"டாக்டர், அக்கா முன்னாடி..." என்றாள் நெவேனா அதே நேரத்தில்.

இருவரும் நிறுத்தினார்கள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"நீயா?" என்றாள் பில்யானா.

"நீயுமா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "உங்களுக்குள்ள பேசி வச்சிருப்பீங்கன்னு நினைச்சேன்."

"எப்படி நீ போனே? எப்போ?"

"மார்ச்ல. வேலை விஷயமாப் போறேன்னு சொன்னேனே. நீ?"

"ஏப்ரல்ல. பயிற்சி வகுப்புன்னு சொல்லிட்டுப் போனேன்." பில்யானா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். "உனக்குக் குழந்தை வேணும்னு ஆசை இருக்கு. உனக்கு இன்னும் வயசிருக்கு. நீ எதுக்குடி போனே?"

"உனக்கு ரெண்டு குழந்தை இருக்கு. அதுங்களுக்கு நீ வேணும். அதான் போனேன்."

வார்டிலிருந்து லியூபெனின் குரல் கேட்டது. திங்காவுக்கு யாரோ ஒரு கோல்கீப்பரைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். திங்கா, "வாயை மூடு லியூபென்" என்றார். அவர் மூடவில்லை.

"சோபியாவுல போன்லயும் சொன்னாங்க, பேர் சொல்லல" என்றார் டாக்டர். "ரெண்டு பேர்ல ஒருத்தருக்குப் பொருந்தியிருக்கு. ஒருத்தருக்கு மட்டும்."

உறையை அவர் மேஜையின் நடுவில் வைத்தார், இருவருக்கும் சமதூரத்தில்.

யாரும் கை நீட்டவில்லை. பில்யானா மேஜைக்கு அடியில் தங்கையின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை ஐஸாக இருந்தது. தன்னுடையதும் அப்படித்தான் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

"நீங்களே பிரிங்க, டாக்டர்" என்றாள் நெவேனா. "சத்தமா மட்டும் படிக்காதீங்க. அப்பா காதுல விழக் கூடாது."

பில்யானா தலையை இடமும் வலமுமாக ஆட்டினாள். பல்கேரியாவில் அப்படி ஆட்டினால் 'சரி' என்று பொருள்; அவளுக்கும் அதில் சம்மதம்தான்.

டாக்டர் உறையைக் கிழித்தார். ஒற்றைத் தாள். ஒரு பெயருக்குக் கீழே கோடு போட்டிருந்தது. அவர் அதைப் படித்துவிட்டு நிமிர்ந்து, இரண்டு சகோதரிகளில் ஒருத்தியை மட்டும் பார்த்தார்.